செயின்சாவுக்குப் புது ரிங் போடுவது எப்படி? அதற்கு முன் பழைய ரிங் ஏன் போனது?

ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றியிருந்து, சிலிண்டர் சுவர் வழியாகக் காற்று கசியாமல் அடைக்கும் வளையம். அது தேய்ந்துபோனால் செயின்சா தானே சொல்லிவிடும். காலையில் ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டிருந்த மெஷின் பத்து இழுப்பு கேட்கும். சூடான பிறகு நின்றுவிட்டால், ஆறுகிற வரை திரும்பப் பிடிக்காது. கட்டையில் வைத்து லேசாக அழுத்தினாலே சத்தம் இறங்கும். கடைசியில் ஸ்டார்டர் கயிறு, வாளி கழன்ற கிணற்றுக் கயிறு மாதிரி கனமே இல்லாமல் வரும்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது விழுந்த தென்னைகளை அறுக்க டெல்டா ஊர்களில் பலர் செயின்சா வாங்கினார்கள். 52 சிசி, 58 சிசி என்று அட்டையில் எழுதி வரும், விலை குறைந்த மெஷின்கள்தான் அதிகம். அவற்றில் பல இன்னும் தோப்புக் கொட்டகைகளில் கிடக்கின்றன. அந்த வகையை வைத்தே இதை எழுதுகிறேன். அதில் சிலிண்டர் தனியாக, நான்கு போல்ட்டில், கிராங்க்கேஸ் (இன்ஜினின் அடிப்பெட்டி) மேல் உட்கார்ந்திருக்கும். முதல்முறை வேலை செய்பவருக்கு இது வசதி. 30 சிசி அளவுள்ள சில சின்ன மெஷின்களில் இன்ஜினை மொத்தமாக வெளியே எடுத்து, அடிப்பக்க மூடியைக் கழற்றித்தான் சிலிண்டரைப் பிரிக்க முடியும். அதன் பிறகு ரிங் போடும் வேலை இரண்டிலும் ஒன்றுதான்.

ரிங்தான் போனதா?

முதலில் செயினையும், அது சுற்றி ஓடுகிற நீளத் தகடான 'பார்' என்பதையும் கழற்றி ஓரமாக வையுங்கள். சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு, ஸ்டார்டர் கைப்பிடியை மட்டும் பிடித்து மெஷினைத் தூக்குங்கள். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் இறுக்கம்) இருந்தால் மெஷின் விட்டு விட்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை நின்று, மெதுவாக இறங்கும். தடையே இல்லாமல் சரசரவென்று இறங்கினால் உள்ளே காற்று கசிகிறது.

பைக் மெக்கானிக் யாரிடமாவது கம்ப்ரஷன் கேஜ் இருந்தால் இரவல் வாங்குங்கள். பிளக் துளையில் திருகி, ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்திப் பிடித்து, அளவு ஏறாமல் நிற்கும் வரை ஆறேழு முறை இழுங்கள். 130 முதல் 160 பிஎஸ்ஐ காட்டினால் ரிங்கில் குறை இல்லை, கார்புரேட்டரையும் கரண்டையும் பாருங்கள். 100-க்குக் கீழே என்றால் மேலே படியுங்கள். ஒரு விஷயம்: கேஜின் வால்வு பிளக் பக்க முனையிலேயே இருக்க வேண்டும். நீளமான ரப்பர் குழாய்க்கு அந்தப் பக்கம் வால்வு இருந்தால், இவ்வளவு சின்ன இன்ஜினில் குழாயில் நிற்கும் காற்றும் கணக்கில் சேர்ந்து அளவு குறைத்தே காட்டும். நல்ல இன்ஜினைப் பிரித்துப் போட்ட கதை அப்படித்தான் நடக்கும்.

சைலன்சரைக் கழற்றி உள்ளே பாருங்கள்

இந்தக் கட்டுரையில் எதைத் தாண்டிப் போனாலும் இதைத் தாண்டாதீர்கள். சைலன்சரின் இரண்டு போல்ட்டைக் கழற்றினால் சிலிண்டரின் புகைவழி தெரியும். கயிற்றை மெதுவாக இழுத்துப் பிஸ்டனை ஏற்றி இறக்கி, மொபைல் டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு கார்புரேட்டரைக் கழற்றி அந்தப் பக்கமும் அதேபோலப் பாருங்கள்.

சைலன்சர் பக்கம் மட்டும் பிஸ்டனில் செங்குத்தாகக் கோடு கோடாக இழுத்திருந்தால், ஆயில் போதாமல் அல்லது பெட்ரோல் குறைந்து காற்று அதிகமாகி, சூட்டில் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப் பிடித்திருக்கிறது. கார்புரேட்டர் பக்கம் தேய்ந்து மங்கலாக, மணல்தாள் போட்டுத் தேய்த்தது மாதிரி இருந்தால், தூசி உள்ளே போயிருக்கிறது. பில்டர் கிழிந்திருக்கும், அல்லது சரியாக உட்காராமல் இருந்திருக்கும். கோடு எதுவும் இல்லாமல் ரிங் மட்டும் தேய்ந்திருந்தால் மெஷின் நியாயமாக உழைத்துத் தேய்ந்தது. அதற்கு ரிங் மட்டும் போதும்.

நான் முதன்முதலில் ரிங் மாற்றியபோது இதைப் பார்க்கவில்லை. புது ரிங் போட்டேன், மெஷின் சிங்கம் மாதிரி பிடித்தது, இரண்டே நாளில் திரும்பவும் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. பிரித்துப் பார்த்தால் கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் பூட்டில், அடிப்பக்கத்தில், நகத்தை விட்டால் மட்டும் தெரிகிற ஒரு வெடிப்பு. அதன் வழியாகத் திருட்டுக் காற்று போய், பெட்ரோலும் அதோடு வரவேண்டிய ஆயிலும் குறைந்து, மெஷின் தானாகவே வேகமெடுத்துச் சூடேறியிருக்கிறது. நான்கூட "புது ரிங், அதனால்தான் இவ்வளவு ஆர்.பி.எம்." என்று சந்தோஷப்பட்டேன். நூறு ரூபாய்ச் சாமான் ஒரு பிஸ்டனையும் சிலிண்டரையும் தின்றுவிட்டது. அந்த பூட்டைக் கையில் வளைத்துப் பார்த்து, வெடிப்போ விறைப்போ இருந்தால் ரிங்கோடு சேர்த்து மாற்றிவிடுங்கள்.

என்ன வாங்க வேண்டும்?

ரிங் இரண்டு, சிலிண்டர் அடி கேஸ்கட், சைலன்சர் கேஸ்கட், தேவைப்பட்டால் ரப்பர் பூட். அளவுக்கு அட்டையில் எழுதிய சிசியை நம்ப வேண்டாம். 52 என்று விற்பதில் பெரும்பாலும் 45 மி.மீ. பிஸ்டன், 58 என்று விற்பதில் 45.2 மி.மீ. பிஸ்டன் இருக்கும். ஆனாலும் வெர்னியர் வைத்து சிலிண்டரை அளந்துவிட்டே கடைக்குப் போங்கள். 0.2 மி.மீ. தானே என்று தோன்றும். ரிங் வட்டமாக இருப்பதால் அந்த 0.2 சுற்றளவில் 0.63 மி.மீ. ஆகிவிடும். 45 ரிங்கை 45.2 சிலிண்டரில் போட்டால் ரிங்கின் வாய் (இரண்டு முனைக்கும் நடுவிலுள்ள இடைவெளி) அவ்வளவு கூடுதலாகத் திறந்துகொண்டு நிற்கும். ரிங்கின் தடிமனும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். பழைய ரிங்கைக் கையோடு கொண்டுபோவது எல்லாவற்றையும் விட நல்லது.

கருவி என்று பெரிதாக எதுவும் இல்லை. நீளமான 4 மி.மீ. டி-கைப்பிடி ஆலன் கீ, பிளக் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), பழைய டூத் பிரஷ், வேட்டித் துணி.

பிரிப்பது

பிரிப்பதற்கு முன் கழுவுங்கள். சிலிண்டர் செதில்களுக்கு நடுவே ஆயிலும் மரத்தூளும் சேர்ந்து களியாக இறுகியிருக்கும். அது ஒரு துணுக்கு கிராங்க்கேஸுக்குள் விழுந்தாலும் அடுத்த ரிங்குக்கு இப்போதே நாள் குறித்தாயிற்று. பெட்ரோலும் பிரஷும் போட்டுத் தேய்த்து, காற்றடித்துக் காய விடுங்கள். வெளியில் வைத்துச் செய்யுங்கள், பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது.

மேல் மூடி, பில்டர், கார்புரேட்டர், சைலன்சர், பிளக் வயர் என்று ஒவ்வொன்றையும் கழற்றும் முன் மொபைலில் ஒரு போட்டோ எடுங்கள். கார்புரேட்டர் பக்கக் கேஸ்கட்டில் ஒரு சின்னத் துளை இருந்தால் அது எந்த மூலையில் இருந்தது என்று தனியாகக் கவனியுங்கள். கிராங்க்கேஸின் காற்றுத் துடிப்பு அதன் வழியாகப் போய்த்தான் கார்புரேட்டரின் பம்பை ஆட்டுகிறது. சில மெஷின்களில் துளைக்குப் பதில் ஒரு மெல்லிய குழாய் இருக்கும். திருப்பி மாட்டும்போது கேஸ்கட் தலைகீழாகி அந்தத் துளை அடைபட்டால், பெட்ரோல் வராது. ரிங்கை மாற்றிவிட்டு மெஷின் பிடிக்கவில்லை என்று மண்டையைப் பிய்த்துக்கொள்பவர்களில் சிலர் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்து, சிலிண்டரின் நான்கு போல்ட்டையும் குறுக்காகத் தளர்த்துங்கள். சிலிண்டரை நேராகத் தூக்குங்கள். வரவில்லை என்றால் ரப்பர் சுத்தியலால் பக்கத்தில் தட்டலாம், திருகக் கூடாது. திருகினால் ரிங் முனை சிலிண்டரின் ஜன்னலில் (சுவரில் காற்றும் புகையும் போகும் திறப்பு) மாட்டி உடையும். சிலிண்டர் கையில் வந்த அடுத்த நொடி கிராங்க்கேஸ் வாயில் துணியைத் திணியுங்கள்.

ரிங் மட்டும் மாற்றப் பிஸ்டனைக் கழற்ற வேண்டியதே இல்லை. கனெக்டிங் ராடிலேயே இருக்கட்டும். ரிங் பள்ளத்தின் விளிம்பு உருகி மூடியிருந்தாலோ, கோடுகள் நகத்துக்குத் தட்டுகிற ஆழம் இருந்தாலோ மட்டும் பிஸ்டனையும் மாற்றுங்கள். அப்படி மாற்றினால் மூன்று விஷயம்: பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும், பிஸ்டன் பின்னைக் கழலாமல் பிடித்திருக்கும் லாக் கம்பிகள் புதிதாக இருக்க வேண்டும், பழையதைத் திரும்பப் போடவே கூடாது, லாக்கின் திறந்த வாய் நேர் மேலே அல்லது நேர் கீழே இருக்க வேண்டும். பக்கவாட்டில் இருந்தால் பிஸ்டன் ஏறி இறங்கும் வேகத்தில் லாக் சுருங்கிக் கழன்றுவிடும்.

சிலிண்டர் சுவர்

கார், பைக் இன்ஜினில் செய்கிற மாதிரி இதை லேத் பட்டறையில் கொடுத்து ஹோனிங் (உள்சுவரைக் கல்லால் தேய்ப்பது) போடச் சொல்லாதீர்கள். இது அலுமினிய சிலிண்டர், உள்சுவரில் மெல்லிய கடினப் பூச்சு மட்டும்தான் இருக்கிறது. அது போனால் சிலிண்டரே போச்சு.

பிஸ்டன் பிடித்த மெஷினில் அலுமினியம் சுவரில் ஒட்டி வெள்ளிப் பட்டை மாதிரி தெரியும். பார்க்கப் பெரிய காயம் போலிருக்கும், பல நேரம் அது மேலே ஒட்டியதுதான். 400 அல்லது 600 நம்பர் வாட்டர் பேப்பரில் ஆயில் தொட்டு, விரலால் அந்த இடத்தை மட்டும் பொறுமையாகத் தேய்த்தால் வந்துவிடும். ஆசிட் போட்டால் சீக்கிரம் போகும் என்று சொல்வார்கள். நிக்கல் சிலிக்கன் கார்பைடு பூச்சு ஹைட்ரோகுளோரிக் ஆசிடைத் தாங்கும், குரோம் பூச்சு தாங்காது. விலை குறைந்த சிலிண்டர்களில் பெரும்பாலும் குரோம்தான். எனவே நம் வகை மெஷினுக்கு ஆசிட் வேண்டாம். தேய்த்து முடித்ததும் நகத்தால் தடவுங்கள். எங்கேயாவது தட்டினாலோ, பூச்சு உரிந்து மங்கலான அலுமினியம் தெரிந்தாலோ சிலிண்டரும் பிஸ்டனும் செட்டாக வாங்குவதுதான் கணக்குக்குச் சரி.

கடைசியில் சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) தடவி வையுங்கள்.

வாய் இடைவெளி

புது ரிங் ஒன்றைத் தனியாக சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையை ஒத்த ஏதாவது ஒன்றால் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு நேராகத் தள்ளுங்கள். பழைய பிஸ்டன் இருந்தால் அதுவே போதும். ரிங் சாய்ந்திருந்தால் அளவு பொய் சொல்லும். இரண்டு முனைக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் ஃபீலர் கேஜை விட்டுப் பாருங்கள். இந்த அளவு சிலிண்டரில் 0.15 முதல் 0.4 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது. முனைகள் முட்டிக்கொண்டு நின்றால் தவறான ரிங், சூட்டில் விரிய இடம் இல்லாமல் சுவரைக் கிழிக்கும். புது ரிங்கிலேயே 1 மி.மீ.க்கு மேல் இருந்தால், ஒன்று ரிங் அளவு தவறு, இல்லை சிலிண்டர் தேய்ந்துவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய ரிங்கையும் இதேபோல அளந்து பாருங்கள். எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும்.

குச்சியும் ரிங் முனையும்

பழைய ரிங்கை இரண்டு கட்டைவிரல் நகத்தாலும் முனையைப் பிடித்து, வெளியேறும் அளவுக்கு மட்டும் விரித்து எடுங்கள். அதில் ஒன்றை இரண்டாக உடைத்தால், ரிங் பள்ளத்தின் கரியைச் சுரண்ட அதைவிட நல்ல கருவி கிடையாது, அகலம் சரியாக இருக்கும். பள்ளத்தின் அடி வரை சுரண்டுங்கள், ஆனால் அலுமினியத்தைச் சீவாதீர்கள்.

பள்ளத்துக்குள் ஓரிடத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு சின்னக் குச்சி நட்டிருக்கும். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் ரிங் தன்னிஷ்டத்துக்குச் சுற்றலாம். டூ ஸ்ட்ரோக்கில் சுற்றக் கூடாது. சிலிண்டர் சுவரில் ஜன்னல்கள் இருப்பதால், ரிங் முனை ஒரு ஜன்னலுக்கு நேராக வந்தால் வெளியே துருத்தி, அங்கேயே முறிந்துவிடும். அதைத் தடுக்கத்தான் இந்தக் குச்சி. "ரிங் வாய்களை 120 டிகிரி தள்ளி வை" என்று பைக் மெக்கானிக் சொல்லித் தந்தது இங்கே செல்லாது. குச்சி எங்கே இருக்கிறதோ, வாய் அங்கேதான். அம்புக்குறியைத் திருப்பிப் போடக் கூடாது என்பதற்கும் காரணம் இதுதான்.

கீழ் ரிங்கை முதலில் போடுங்கள். ஒரு முனையைப் பள்ளத்தில் வைத்து, மற்ற முனையைச் சுற்றிக் கொண்டுவந்து இறக்க வேண்டும். ரிங் இரும்பு மாதிரித் தெரிந்தாலும் கண்ணாடி வளையல் குணம், அதிகம் விரித்தால் படக்கென்று போய்விடும். ரிங்கின் ஒரு பக்கத்தில் எழுத்தோ குறியோ இருந்தால் அது மேலே வர வேண்டும். பிறகு மேல் ரிங். இரண்டையும் விரலால் அழுத்துங்கள்: முனைகளின் உள்வெட்டு குச்சியைக் கவ்வி, ரிங் பிஸ்டன் விளிம்புக்கு உள்ளே முழுவதும் போக வேண்டும். ஓரிடத்தில் துருத்தினால் அடியில் கரி இருக்கிறது, அல்லது முனை குச்சி மேல் ஏறி நிற்கிறது.

சிலிண்டரை இறக்குவது

புது அடி கேஸ்கட்டைப் போடுங்கள், பழையதன் தடிமனே இருக்கட்டும். அதற்குப் பதிலாகச் சாதாரண சிலிகான் பேஸ்ட் தடவினால் பெட்ரோல் பட்டு அது ஊதிக் கழன்று, திருட்டுக் காற்றுக்கு நாமே கதவு திறந்துவிட்ட மாதிரி ஆகிவிடும்.

ஒரே தடிமனுள்ள இரண்டு மரப்பட்டிகளைக் கனெக்டிங் ராடுக்கு இருபுறமும் கிராங்க்கேஸ் வாயில் வைத்து, பிஸ்டனை அதன் மேல் இறக்கி உட்கார வையுங்கள். இப்போது பிஸ்டன் ஆடாது, இரண்டு கையும் உங்களுக்கு மிச்சம். பிஸ்டன், ரிங், சிலிண்டர் எல்லாவற்றுக்கும் 2டி ஆயில். ஒரு கை விரல்களால் மேல் ரிங்கை அழுத்தியபடி, குச்சி நடுவில் இருப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, சிலிண்டரை இறக்குங்கள். சிலிண்டரின் அடிவாய் சற்றுச் சரிவாக இருக்கும், அதுவே ரிங்கை உள்ளே வாங்கும். மேல் ரிங் போனதும் கீழ் ரிங். விரல் போதவில்லை என்றால் குளிர்பான பாட்டிலிலிருந்து ஒரு பட்டை வெட்டிச் சுற்றி, கேபிள் டை போட்டு இறுக்கிக்கொள்ளலாம்.

ரிங் உள்ளே போகும்போது 'சளக்' என்று எண்ணெயில் வழுக்குகிற உணர்வுதான் வர வேண்டும். தடை வந்தால் அழுத்தாதீர்கள், ஆட்டித் திருப்பாதீர்கள். தூக்கி, பார்த்து, மறுபடி இறக்குங்கள். நான்கைந்து முறை ஆகலாம், பரவாயில்லை.

மரப்பட்டிகளையும் துணியையும் எடுத்தீர்களா என்று பார்த்துவிட்டு, சிலிண்டரை முழுதும் இறக்கி, நான்கு போல்ட்டையும் விரலால் ஏற்றி, குறுக்காகக் குறுக்காக இரண்டு மூன்று சுற்றாக இறுக்குங்கள். 5 மி.மீ. போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். அலுமினியத்தில் மரை போனால் அது தனிக்கதை.

பிளக் இல்லாமல் கயிற்றை மெதுவாக இழுங்கள். எங்கும் தட்டக் கூடாது. புகைவழியாக ரிங்கைப் பார்த்து, தீக்குச்சியால் அழுத்துங்கள். உள்ளே போய்த் திரும்ப வந்தால் ரிங் முழுதாக இருக்கிறது. அசையாமல் நின்றால், வருத்தம்தான், திரும்பப் பிரியுங்கள்.

முதல் ஓட்டம்

மிச்சத்தைப் போட்டோவைப் பார்த்து மாட்டுங்கள். பெட்ரோல் புதிதாக வாங்குங்கள். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும், தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலோடு சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும். மழைக்காலம் முழுக்கக் கேனில் கிடந்ததைப் புது ரிங்குக்கு ஊற்ற வேண்டாம். லிட்டருக்கு 40 மி.லி. 2டி ஆயில், அதாவது 25-க்கு 1. மூடியில் குத்துமதிப்பாக ஊற்றாமல் மருந்து சிரிஞ்சில் அளந்து ஊற்றுங்கள்.

கார்புரேட்டரில் ஹெச் என்று எழுதிய ஸ்க்ரூவை இருந்த இடத்திலிருந்து கால் சுற்று வெளியே திருப்பிப் பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டுங்கள். முழு வேகத்தில் சும்மா விட்டால் சத்தம் சற்றுத் தடுமாறிக் கரகரக்க வேண்டும், கட்டையில் வைத்ததும் தெளிவாக வேண்டும். சும்மா விடும்போதே கீச்சென்று தெளிவாக இருந்தால் பெட்ரோல் குறைவு, உடனே நிறுத்துங்கள்.

முதல் டேங்கில் முருங்கை, கல்யாண முருங்கை மாதிரி மெத்தென்ற கட்டையாகப் பார்த்து லேசாக அறுங்கள். தென்னை வேண்டாம், அது செயினையும் மழுக்கும், இன்ஜினையும் திணறடிக்கும். ஐட்லிங்கிலேயே அரை மணி விடுவதாலும் ரிங் சுவரில் பதியாது. கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இறக்கி ஓட்டுங்கள். டேங்க் முடிந்து மெஷின் நன்றாக ஆறிய பிறகு சைலன்சர் போல்ட், சிலிண்டர் போல்ட் இரண்டையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள், சைலன்சர் போல்ட் கட்டாயம் கொஞ்சம் சுற்றும். பிளக்கைக் கழற்றுங்கள். முனை காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் ஹெச் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். வெள்ளையாக இருந்தால் அடுத்த டேங்க் ஊற்றாமல், அந்த ரப்பர் பூட்டைத் திரும்பவும் வளைத்துப் பாருங்கள்.